நாற்றுப் பெட்டியில் பூசணமா? ஏற்காடு மலை சொல்லும் வழி!

"ஐயையோ! நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது! இன்றைக்கு மண் மேலே வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு பூத்திருக்கிறதே!"

மார்கழி மாதம். காலை நேரம். ஏற்காட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பனிமூட்டம். எதிர் வீடு தெரியவில்லை. ஜன்னல் ஓரத்தில் ஒரு பழைய மரப்பெட்டி. அதில் குப்பை உரமும் மண்ணும் கலந்து போட்டு, பத்து நாளைக்கு முன்பு தக்காளி விதை தூவினார் அந்த வீட்டு அம்மாள். குளிர் தாக்காமல் இருக்கட்டும் என்று மேலே ஒரு கண்ணாடித் துண்டையும் வைத்து மூடினார். மண் காயக்கூடாதே என்று காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார்.

விதை முளைத்தது. கூடவே பூசணமும் முளைத்தது!

மறுநாள் பார்த்தால் பத்து நாற்று படுத்துக் கிடக்கிறது. அதற்கு மறுநாள் முப்பது. மூன்றாம் நாள் பெட்டியில் பாதி காலி.

"விதைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்கிறார் அம்மாள். "திருஷ்டி பட்டுவிட்டது" என்கிறார் பாட்டி. இரண்டும் இல்லை. காரணம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் அடுத்த முறை ஒரு நாற்றுக்கூடச் சாகாமல் காப்பாற்ற முடியும். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஏரியும் காடும்

சேலத்தில் இருந்து மலைப்பாதையில் ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைத் தாண்டினால் ஏற்காடு. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 5 ஆயிரம் அடி உயரம். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பார்கள். "ஏழைகளின் ஊட்டி" என்று ஒரு செல்லப் பெயரும் உண்டு. ஊரைச் சுற்றிலும் நிற்பது சேர்வராயன் மலைத் தொடர்.

இந்த மலையில் தென்மேற்குப் பருவ மழையும் பெய்யும். வடகிழக்குப் பருவ மழையும் பெய்யும். மழை விட்டால் மேகம் இறங்கி வந்து வீட்டு வாசலில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் துணி உலர்த்தினால் இரண்டு நாள் ஆனாலும் ஈரம் போகாது. பெட்டிக்குள் வைத்த செருப்பில் பூசணம் பூக்கும். சுவரில் பூக்கும். அப்படியிருக்க, சத்துள்ள ஈர மண்ணில் பூக்காமல் இருக்குமா?

மலைவாசிகள் வீட்டுக்குள் நாற்று விடுவதற்குக் காரணம் இருக்கிறது. வெளியே விதைத்தால் பெருமழை விதையை அடித்துக்கொண்டு போய்விடும். கோழி கிளறும். குளிரில் விதை முளைக்கத் தாமதமாகும். ஆகவே ஜன்னல் ஓரத்தில், சமையல் அறைச் சூட்டில், பெட்டியில் முளைக்க வைக்கிறார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் வீட்டுக்குள் காற்றும் குறைவு, வெயிலும் குறைவு. அங்கேதான் வம்பு பிறக்கிறது.

பூசணம் என்பது என்ன?

பூசணம் ஓர் உயிர். அதைச் செடி என்றும் சொல்ல முடியாது. செடிக்குப் பச்சையம் உண்டு. வெயிலைக் கொண்டு தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ளும். பூசணத்துக்கு அந்த வித்தை தெரியாது. அது மற்றவர் சமைத்ததைச் சாப்பிடும் ஜாதி. உதிர்ந்த இலை, செத்த வேர், சாணம், வைக்கோல், ஊறிய சோறு எதுவானாலும் சரி. நூலைவிட மெல்லிய இழைகளை அதற்குள் செலுத்தி, கரைத்து உறிஞ்சிவிடும்.

அதன் விதைகளுக்கு வித்துக்கள் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத தூள். காற்றில் எப்போதும் மிதந்துகொண்டே இருக்கும். உங்கள் வீட்டிலும் இருக்கிறது, எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அதை ஒழித்துக்கட்ட யாராலும் முடியாது. ஈரம், சாப்பாடு, அசையாத காற்று. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் அது உட்காரும்; முளைக்கும்.

இந்த மூன்றில் ஒன்றைக் குறைத்தாலும் போதும். பூசணம் அடங்கிவிடும். இதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

நல்லது எது? கெட்டது எது?

பூசணம் என்றாலே கெட்டது என்று நினைக்க வேண்டாம். குப்பையை எருவாக்குவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பூசணம் இல்லாவிட்டால் காட்டில் உதிர்ந்த இலைகள் மக்காமல் மலைபோலக் குவிந்து கிடக்கும். தேங்காய் நார்க் கழிவு எளிதில் மக்காது. அதை எருவாக்கக் கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுக்கும் வழி என்ன தெரியுமா? சிப்பிக் காளான் வித்தைத் தூவச் சொல்கிறார்கள். காளானும் பூசணக் குடும்பம்தான். மனிதர் உயிரைக் காக்கும் பென்சிலின் மருந்தும் 1928-ல் அலெக்சாண்டர் பிளெமிங் ஒரு பூசணத்தில் கண்டுபிடித்ததுதான்.

ஆகவே, உங்கள் பெட்டி மண் மேல் வெள்ளைப் பஞ்சு போலப் பூத்திருப்பது பெரும்பாலும் சாதுவான பூசணம். அது தின்பது உரத்தில் உள்ள மக்காத குப்பையை. உயிருள்ள நாற்றை அது தொடாது. பார்க்க அருவருப்பாக இருக்கும், அவ்வளவே.

அப்படியானால் நாற்றைச் சாய்த்தது யார்?

அது வேறு ஆசாமி! அவன் பஞ்சு போல மேலே வந்து காட்சி தருவது அபூர்வம். மண்ணுக்குள் மறைந்திருந்து தாக்குவான். ஆனால் இருவருக்கும் பிடித்த இடம் ஒன்றே. வெள்ளைப் பூசணம் பூத்தால், "இந்த மண்ணில் ஈரம் அதிகம், காற்று இல்லை. கொலைகாரன் வருவதற்கு வழி திறந்திருக்கிறது" என்று பொருள். புகை வந்தால் தீ வரும் என்று எச்சரிக்கையாக இருப்பது போல, இதைக் கண்டதும் எச்சரிக்கையாக வேண்டும்.

நாற்று சாயும் நோய்

இந்த நோய்க்கு நாற்றழுகல் என்று பெயர். நாற்றின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் முதலில் நீர் கோத்தது போல ஆகும். பிறகு அந்த இடம் மெலிந்து நூல் போலச் சுருங்கும். மேலே இலை பச்சையாகவே இருக்கும். ஆனால் தண்டு தாங்காது. நாற்று மடிந்து விழும். சில சமயம் மண்ணுக்குள்ளேயே முளை அழுகிவிடும். "விதை முளைக்கவே இல்லை" என்று நாம் விதையைக் குற்றம் சொல்லுவோம்.

இதைச் செய்கிறவர்களில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் பித்தியம். மற்றவர் ரைசோக்டோனியா. பித்தியம் தண்ணீரில் நீந்தும் வித்துக்களை உடையது. இதை உண்மையான பூசணம் என்று இன்றைய விஞ்ஞானிகள் சொல்லுவதில்லை. பூசணத்தைப் போன்ற வேறொரு ஜாதி என்கிறார்கள். தண்ணீர் தேங்கிய மண்ணில் அது ஒரு நாற்றில் இருந்து இன்னொரு நாற்றுக்கு நீந்தியே போய்விடும். ஒரு மூலையில் தொடங்கிய நோய் வட்டமாகப் பரவுவது இதனால்தான்.

இந்தியப் பயிர் நோய் ஆராய்ச்சிக்கு அடிகோலியவர்களில் ஒருவரான இ. ஜே. பட்லர், 1907-லேயே பித்தியத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதினார். நம் சென்னையும் சளைக்கவில்லை. மண்ணில் வாழ்ந்து பயிரைத் தாக்கும் பூசணங்களைப் பற்றிச் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் டி. எஸ். சதாசிவனும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகள் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார்கள். பருத்தி வாடல் நோய் பற்றிய அவர்களுடைய ஆராய்ச்சி மிகவும் பெயர்பெற்றது.

நாற்றுக்கு இளமையில்தான் இந்த ஆபத்து. தண்டு முற்றி உறுதியாகிவிட்டால் நோய் எளிதில் நெருங்காது. ஆகவே முதல் இரண்டு மூன்று வாரம் கண்ணும் கருத்துமாகக் காத்துவிட்டால் வெற்றிதான்.

காப்பித் தோட்டம் தரும் பாடம்

ஏற்காட்டில் நாற்று விடுவதில் கைதேர்ந்தவர்கள் யார்? காப்பித் தோட்டக்காரர்கள்தான். சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820-களில் இந்த மலையில் காப்பியைப் பயிரிடச் செய்தார். அன்று முதல் இன்று வரை இங்கே காப்பி நாற்று விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் செய்வதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒவ்வொரு வேலைக்குள்ளும் பூசணத்தை விரட்டும் தந்திரம் ஒளிந்திருக்கும்.

முதலில் விதை. நன்றாகப் பழுத்த பழத்தைப் பறித்துக் கையால் தோலை நீக்குவார்கள். தண்ணீரில் போட்டு மிதக்கும் விதையைத் தள்ளிவிடுவார்கள். மிதப்பது சொத்தை. நின்ற விதையில் சலித்த அடுப்புச் சாம்பலைக் கலந்து பிசறுவார்கள். ஏன்? பழத்தின் இனிப்பான பசை விதையில் ஒட்டியிருக்கும். அது பூசணத்துக்குப் பாயசம் மாதிரி. சாம்பல் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு ஐந்து நாள் போல நிழலில் பரப்பி, அடிக்கடி கிளறி உலர்த்துவார்கள். வெயிலில் காயவிட மாட்டார்கள். காப்பி விதை மற்ற விதைகளைப் போல ஆண்டுக்கணக்கில் தாங்காது. அதிகம் காய்ந்தாலும் முளைப்பு கெடும், வைத்திருந்தாலும் கெடும். எடுத்த விதையைச் சீக்கிரம் விதைத்துவிட வேண்டும்.

அடுத்தது பாத்தி. தரையோடு தரையாகப் போடுவதில்லை. அரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமைப்பார்கள். மழைத் தண்ணீர் நிற்காமல் வடிந்துவிடும். விதைகளைக் கொத்தாகக் கொட்டாமல், தட்டைப் பக்கம் மண்ணைப் பார்க்க, ஒன்றுக்கொன்று இடம் விட்டு அடுக்குவார்கள். மேலே மெல்லிய மண். அதன் மேலே வைக்கோல். ஏறத்தாழ 45 நாளில் முளை வரும். காப்பிக் கொட்டையைத் தலையில் தொப்பி போலத் தூக்கிக்கொண்டு தீக்குச்சி மாதிரி நிற்கும்! இலை விரிவதற்கு முன்பே, அந்தத் தொப்பிப் பருவத்தில், அவற்றை எடுத்துத் தனித்தனிப் பைக்கு மாற்றிவிடுவார்கள்.

பையில் என்ன மண்? காட்டு மண் 6 பங்கு. நன்றாக மக்கிச் சலித்த தொழு உரம் 2 பங்கு. மணல் 1 பங்கு. கவனியுங்கள்! உரம் இரண்டே பங்குதான். அதுவும் நன்றாக மக்கியது. பையின் அடியில் தண்ணீர் வடியத் துளைகள் உண்டு.

இத்தனை செய்தும் காப்பி நாற்றுக்குக் கழுத்து அழுகல் என்று ஒரு நோய் வருவதுண்டு. மேலே சொன்ன ரைசோக்டோனியாதான் காரணம். அதற்குக் காப்பி நிபுணர்கள் சொல்லும் முதல் யோசனை மருந்து அல்ல. "தண்ணீரைக் குறை, வடிகால் செய், பந்தல் நிழலை விலக்கு, நாற்றை நெருக்காதே!" இந்த நான்கும்தான்.

ஒரு நாற்றுப் போனால் என்ன?

தக்காளி நாற்றுப் போனால் ஒரு மாதம் நஷ்டம். மறுபடி விதைக்கலாம். காப்பி நாற்றுப் போனால்? அந்த ஆண்டு விதை முடிந்துவிட்டது. அடுத்த பழம் பழுக்கும் வரை காத்திருக்க வேண்டும். நட்ட செடி பலன் கொடுக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு அந்த ஓராண்டு, பிள்ளையின் படிப்பாக இருக்கலாம்; பெண்ணின் கல்யாணமாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத தூள் ஒன்று ஒரு குடும்பத்தின் கணக்கையே மாற்றிவிடும்.

குடும்பம் என்ன, ஒரு தீவின் கணக்கையே மாற்றியது உண்டு! இலங்கையில் ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் காப்பி. 1869-ல் காப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள் காணப்பட்டது. இலைத்துரு என்னும் பூசண நோய் அது. நாற்றழுகல் வேறு, இது வேறு. ஆனால் இதுவும் பூசண இனம்தான். அடுத்த இருபது ஆண்டுக்குள் அங்கே காப்பித் தொழில் படுத்துவிட்டது. பல துரைமார்கள் திவாலானார்கள். காப்பி நின்ற மலைகளில் தேயிலை வந்தது. தமிழ்நாட்டில் இருந்து அங்கே பிழைக்கப் போன தொழிலாளர் வாழ்க்கையும் அதோடு மாறியது. இன்று உலகம் குடிக்கும் இலங்கைத் தேநீருக்குப் பின்னால் ஒரு பூசணத்தின் கதை இருக்கிறது.

வரும் முன் காக்க

சரி, வீட்டுப் பெட்டிக்கு வருவோம். தாய்மார்கள் செய்ய வேண்டியவை இவை:

மண் கலவை: மக்காத குப்பை, பச்சைச் சாணம், அரைகுறை உரம் வேண்டாம். நல்ல உரம் கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். மண் வாசனை வரும். நாற்றம் அடித்தாலோ, உள்ளே சூடு இருந்தாலோ அது இன்னும் மக்கவில்லை. சலித்து, மணலும் செம்மண்ணும் கலந்துகொள்ளுங்கள். விதைக்குள்ளேயே முளைக்குத் தேவையான சத்து இருக்கிறது. முதல் இரண்டு வாரத்துக்கு உரம் நிறைய வேண்டியதில்லை. உரம் அதிகமானால் சாப்பாடு பூசணத்துக்குத்தான்.

பாத்திரம்: கொட்டாங்குச்சி, தகர டப்பா, மண் சட்டி எதுவும் சரி. அடியில் துளை கட்டாயம். போன முறை நாற்று அழுகிய பெட்டியானால் சோப்புத் தண்ணீரில் கழுவி, வெந்நீர் ஊற்றி, வெயிலில் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள். பழைய மண்ணைத் திரும்பப் போடாதீர்கள்.

மண்ணுக்குச் சூடு: கொஞ்ச மண்ணாக இருந்தால் வேகவைத்தே எடுக்கலாம். சமையலுக்கு உதவாத பழைய பானையில் இட்லி வேகவைப்பது போல, ஈர மண்ணை ஒரு டப்பாவில் வைத்து அரை மணி நேரம் ஆவி காட்டுங்கள். நாற்றழுகல் கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும். ஆறிய பிறகு விதையுங்கள். நிறைய மண்ணானால், சித்திரை வெயிலில் ஈரமாகப் பரப்பி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூடி நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். 1976-ல் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் உலகுக்கு எடுத்துச் சொன்ன முறை இது. மலையில் வெயிலின் உக்கிரம் குறைவு. ஆகவே சமவெளியில் கிடைக்கும் அளவுக்குப் பலன் மேட்டில் கிடைக்காது. நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்துச் செய்ய வேண்டும்.

விதைப்பு: விதையைக் கைநிறைய அள்ளித் தூவாதீர்கள். வரிசையாகக் கோடு கிழித்து, இடம்விட்டுப் போடுங்கள். விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழம் போதும். நெருக்கமாக முளைத்தால் காற்று நுழையாது. திருவிழாக் கூட்டத்தில் தொத்து நோய் பரவுவது போலப் பரவிவிடும்.

தண்ணீர்: இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். தினமும் தண்ணீர் விட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. விரலால் தொட்டுப் பாருங்கள். மேல் மண் காய்ந்திருந்தால் விடுங்கள். இல்லாவிட்டால் சும்மா இருங்கள். காலையில் விடுங்கள். மாலையில் விட்டால் இரவு முழுவதும் ஈரம் நிற்கும். இன்னும் நல்ல வழி, ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, துளையுள்ள பெட்டியை அதில் சிறிது நேரம் வைப்பது. மண் அடியில் இருந்து உறிஞ்சிக்கொள்ளும். மேலே காய்ந்தே இருக்கும். உறிஞ்சியதும் தட்டை எடுத்துவிட வேண்டும்.

மூடி: முளைக்கும் வரை மூடலாம். முதல் முளை தலை காட்டிய அன்றே மூடியை எடுத்துவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பனிமூட்ட நாளானால், பெட்டியை அடுப்பங்கரையில் வெப்பக் காற்று படும் இடத்துக்குச் சிறிது நேரம் மாற்றலாம். ஒரு சின்ன மின்விசிறியை எட்ட வைத்து மெதுவாக ஓடவிட்டாலும் நல்லது.

வந்துவிட்டால் என்ன செய்வது?

வெள்ளைப் பூசணம் மட்டும் பூத்திருந்து, நாற்று நிமிர்ந்து நின்றால் பயப்பட வேண்டாம். தண்ணீரை நிறுத்துங்கள். ஒரு தேக்கரண்டியால் மேல் மண்ணை மெதுவாகச் சுரண்டி எடுத்து வெளியே எறியுங்கள். அந்த இடத்தில் உலர்ந்த மணலை மெல்லியதாகத் தூவுங்கள். பெட்டியைக் காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்.

சாம்பல் தூவலாமா என்று கேட்பீர்கள். தூவலாம், ஆனால் பட்டும் படாமலும். அதிகம் போட்டால் மண்ணில் காரம் ஏறி நாற்று வெளிறும். சிலர் இலவங்கப்பட்டைத் தூள் தூவுகிறார்கள். அதில் பூசணத்தை அடக்கும் சக்தி உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஈரத்தைக் குறைக்காமல் தூளை மட்டும் நம்பினால், ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்பிய கதைதான்.

நாற்று சாயத் தொடங்கிவிட்டதா? அப்போது தாமதம் கூடாது. சாய்ந்த நாற்றை எழுப்பி நிறுத்தப் பார்க்காதீர்கள். அது பிழைக்காது. அதையும் அதைச் சுற்றியுள்ள மண்ணையும் ஒரு கரண்டியால் அள்ளி அப்புறப்படுத்துங்கள். எருக்குழியில் போட வேண்டாம். நன்றாக இருக்கும் நாற்றுகளைப் புது மண்ணுள்ள வேறு பாத்திரத்துக்கு உடனே மாற்றுங்கள். மாற்றும்போது தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்குங்கள். பாதியாவது பிழைக்கும்.

மண்ணில் கொசு போன்ற சிறு ஈக்கள் பறந்தால் அதையும் கவனியுங்கள். ஈர மண்ணில் முட்டையிடும். அதன் புழு பூசணத்தைத் தின்னும். இளம் வேரையும் கடிக்கும். இதற்கும் மருந்து, மண்ணின் மேற்புறத்தைக் காயவிடுவதுதான்.

ஒரு எச்சரிக்கை. பூசணம் பூத்த மண்ணை முகத்துக்கு அருகில் வைத்துக் கிளறக்கூடாது. இழுப்பு, மூச்சிரைப்பு உள்ளவர்களும் நோயால் உடல் தளர்ந்தவர்களும் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது. மற்றவர்களும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வாசலில் வைத்துச் செய்யுங்கள். பிறகு கை கழுவுங்கள்.

பூசணத்தைத் தின்னும் பூசணம்!

முள்ளை முள்ளால் எடு என்பது பழமொழி. பூசணத்தைப் பூசணத்தால் எடுப்பது விஞ்ஞானம். 1932-ல் ரிச்சர்ட் வெயிண்ட்லிங் என்ற விஞ்ஞானி ஒரு வேடிக்கையைக் கண்டார். டிரைக்கோடெர்மா என்ற ஒரு பூசணம், நாற்றை அழுக்கும் ரைசோக்டோனியாவைச் சுற்றி வளைத்துக் கொன்று தின்றது! பச்சை நிறமாக இருக்கும் இந்தப் பூசணம் நாற்றை ஒன்றும் செய்யாது.

இன்று இதைத் தூளாக்கி உரக்கடைகளில் விற்கிறார்கள். டிரைக்கோடெர்மா விரிடி என்று கேட்டால் கிடைக்கும். விதை ஒரு கிலோவுக்கு 4 கிராம் கலந்து விதைக்கும்படி வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. வீட்டு உபயோகத்துக்குச் சிட்டிகை அளவு போதும். சூடோமோனாஸ் என்ற நுண்ணுயிர்த் தூளும் உண்டு. அது கிலோவுக்கு 10 கிராம்.

ஆவி காட்டிய மண்ணுக்கு இது மிகவும் அவசியம். ஏன் என்று சொல்கிறேன். ஆவியில் கெட்டதோடு நல்லதும் செத்துவிடுகிறது. மண் காலி வீடாகிவிடுகிறது. காலி வீட்டில் முதலில் யார் குடிவருகிறார்களோ அவர்கள் ராஜ்யம். நோய்ப் பூசணம் முதலில் வந்தால் முன்னைவிட வேகமாகப் பரவும். ஆகவே மண் ஆறியவுடன் நல்ல ஆளை நாமே குடிவைத்துவிட வேண்டும். இந்தத் தூளை வெயிலில் வைக்கக்கூடாது. காலாவதித் தேதி பார்த்து வாங்க வேண்டும். இரசாயனப் பூசண மருந்தோடு கலக்கவும் கூடாது. கலந்தால் நல்லதும் சாகும்.

பெரிய அளவில் நாற்று விடுகிறவர்கள் நோய் கண்ட இடத்தில் தாமிர மருந்து ஊற்றுவது உண்டு. காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2½ கிராம் என்பது காய்கறி நாற்றுக்குச் சொல்லப்படும் அளவு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை மலைத் தோட்டக்காரர்களுக்குப் பழகிய மருந்து. பிரான்ஸ் நாட்டில் திராட்சைத் தோட்டத்தில் பிறந்த அந்தக் கலவையை 1885-ல் மில்லார்டே என்பவர் உலகுக்கு அறிவித்தார். ஆனால் இவை விஷம். வீட்டுக்குள், சமையல் அறையில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டிக்கு இவை வேண்டியதே இல்லை.

வெயிலும் காற்றும் இலவசம்

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்னவற்றில் காசு கொடுத்து வாங்க வேண்டியது எவ்வளவு? ஏறக்குறைய ஒன்றும் இல்லை. துளை போடக் காசு வேண்டாம். ஜன்னலைத் திறக்கக் காசு வேண்டாம். தண்ணீரைக் குறைத்து ஊற்றக் காசு வேண்டவே வேண்டாம்!

நாற்றைக் கொல்லுவது பல சமயம் நம் அலட்சியம் அல்ல, நம் அன்புதான். குளிருமே என்று மூடுகிறோம். வாடுமே என்று ஊற்றுகிறோம். வளரட்டுமே என்று உரத்தைக் கொட்டுகிறோம். குழந்தையைப் போர்த்திப் போர்த்தி மூச்சுத் திணற வைப்பது போல ஆகிவிடுகிறது.

ஏற்காட்டு ஜன்னலோரத்து அம்மாள் மறுபடியும் விதைக்கட்டும். இம்முறை அடியில் துளை. உரம் குறைவு. வரிசை விதைப்பு. முளை வந்ததும் மூடி இல்லை. பனி விலகிச் சூரியன் தலை காட்டும் நேரத்தில் பெட்டியைத் தூக்கி வாசல் திண்ணையில் வைக்கட்டும்.

மூன்றே வாரம். தண்டு முற்றிய நாற்றுகள் வரிசையாக நிமிர்ந்து நிற்கும். வைகாசிக்குள் வீட்டுத் தக்காளியில் ரசம் கொதிக்கும்!